கூட்டினால் எட்டு

பானெட் சுடுகிறது. சோதனை போடுகிறவள் மாதிரி இல்லாமல், சும்மா சாய்ந்து நிற்கிறவள் மாதிரிதான் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். வெயில் சூடில்லை, வண்டி போர்ட்டிகோ நிழலில் நிற்கிறது, இது உள்ளேயிருந்து வருகிற சூடு. பழைய வண்டி வாங்குவது எப்படி என்று வீடியோ போடுகிற யூட்யூப் அண்ணன் முதலில் சொன்னதே இதுதான்: நண்பர்களே, பழைய ஜெர்மன் வண்டி பார்க்கப் போனீங்கன்னா சாவியைக் கேட்காதீங்க, பானெட்ல கையை வைங்க, ஜில்லுன்னு இருக்கணும், ராத்திரி பூரா தூங்கின வண்டி காலையில எப்படி எழுந்திருக்குதுன்னு உங்க காதாலேயே கேட்கணும், நீங்க போறதுக்கு முன்னாடியே எழுப்பி உட்கார வச்சிருந்தா அதுக்கு ஏதோ இருமல் இருக்குன்னு அர்த்தம். "சார், காலைல வண்டி எங்கயாச்சும் போச்சா?" என்று கேட்டுவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. கோதண்டபாணி சார், வண்டியின் ஓனர், வெள்ளை வேட்டியும் புதிதாகப் பூசின விபூதியுமாக நின்றவர், சிரித்தார். "பிள்ளையார் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்தேம்மா. நல்ல காரியம் நடக்கப்போவுது இல்ல? ஒரு பூசை போட்டு எடுத்துட்டு வந்துட்டேன்." பானெட் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், வைப்பரில் சொருகின செவ்வந்தி. அம்மா அந்தக் குங்குமத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், போச்சு, முடிந்தது. பிள்ளையாரை நான் எப்படிக் குறை சொல்வது? ஏன் சார் கோயிலுக்குப் போனீங்க, எஞ்சின் ஆறியிருக்க வேண்டாமா என்று கேட்டால் அம்மாவே என் தொடையில் கிள்ளுவாள். இதை மட்டும் அந்த யூட்யூப் அண்ணன் சொல்லவே இல்லை. "நம்பரப் பாத்தீங்களா மேடம்?" என்றார் சார், பம்பர் பக்கம் குனிந்து. "நாலு மூணு ஏழு ஒண்ணு. கூட்டுங்க, பதினஞ்சு. ஒண்ணும் அஞ்சும் ஆறு. ஆறு சுக்கிரன் நம்பர். ஆடம்பரம், அலங்காரம், பொம்பளைங்க தொழில். உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு." அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவளுக்கு சுக்கிரன் வண்டி. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆறுதான். கணக்கு என்றாலே எனக்கு வேப்பங்காய், பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டதே அதனால்தான், ஆனால் இதுகூட வராத அளவுக்கு மக்கு இல்லை.

சீக்கிரம் பார், சீக்கிரம் பார் என்று அம்மா கண்ணாலேயே விரட்டுகிறாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் அட்வான்ஸ் கைமாறிவிட வேண்டும். இது ஒரு கூத்து. இவ்வளவு பெரிய வண்டி, பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டி, எங்கே உடைந்தது எங்கே ஒட்டியது என்று பார்க்க ஒரு நாள் வேண்டும், ஆனால் நல்ல நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டுமாம். அவசரத்தில் பார்த்த வண்டி அவசரமாகத்தான் நிற்கும், நடு ரோட்டில், மணப்பெண் காத்திருக்கும்போது. சரி, அம்மாவைத் திட்டாதே. அம்மா இன்றைக்கு வண்டி பார்க்க வருவதற்கே முழு மேக்கப்பில் வந்திருக்கிறாள், மாம்பழக் கலர் பட்டு, அளவான ஃபவுண்டேஷன், கண்ணுக்கு மை. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏம்மா என்றால், "ஆட்டோவுல போய் எறங்குறவளுக்கு ஒரு வெல, கார்ல போய் எறங்குறவளுக்கு ஒரு வெல. கார் விக்கிறவனும் மொதல்ல மூஞ்சியத்தான்டி பாப்பான்" என்றாள். அவள் சொல்வது பொய் இல்லை. போன தை மாசம் அந்தப் பெரிய மண்டபத்தில், விடிவதற்கு முன்னால், நாங்கள் ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கினோம், வாட்ச்மேன் டார்ச்சை முகத்தில் அடித்து, "சமையல் ஆளுங்களா? பின்பக்கமா போங்க" என்றார். அம்மா பின்பக்கமாகவே போனாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் பெரிய பெட்டி, கையில் முடி சுருட்டுகிற மெஷின். நான்தான் கத்தினேன், அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ரிசப்ஷனுக்கு மட்டும் மேக்கப் போட வந்த இன்னொரு பெண், அம்மாவின் கைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, ஆனால் அவள் வெள்ளைக் காரில் முன்வாசலில் வந்து இறங்கினாள், பெண்ணின் சித்தப்பா ஓடி வந்து கதவைத் திறந்தார். அந்தக் கதவு திறந்த சத்தம்தான் அம்மாவின் காதில் விழுந்தபடியே இருக்கிறது என்று நினைக்கிறேன். தொப் என்று, கனமாக, பஞ்சு மெத்தையில் தேங்காய் விழுந்த மாதிரி. அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூல், லைசென்ஸ், சீட்டு எடுத்தது, கடைசியில் என் காலேஜுக்கு என்று போட்டு வைத்திருந்த பணத்தையும் எடுத்தது. நான் ஸ்கூலை விட்டபோது அழுதவள், அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது சும்மா கெடக்க வேணாம்" என்றாள். அதாவது இந்த வண்டி என் காலேஜ். இது நடு ரோட்டில் நின்றால் அம்மா ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை தோற்பாள். அதனால்தான் நான் கை வைத்துப் பார்க்கிறேன், வண்டிமேல் ஆசைப்பட்டு இல்லை.

பானெட்டைத் திறந்து காட்டினார் சார். பளபள. எஞ்சின் மேல் ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஒரு காய்ந்த இலை இல்லை. அம்மா, "எவ்ளோ சுத்தமா வச்சிருக்காரு பாரு" என்றாள். இவ்வளவு சுத்தமா, அதுதான் பயமாக இருக்கிறது. பாதத்துக்குக்கூட ஃபவுண்டேஷன் கேட்கிற பெண்ணைப் பார்த்தால் அம்மாவே புருவத்தைத் தூக்குவாள், பாதத்தில் என்ன இருக்கு என்று. ஆயில் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே தயிர் மாதிரி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். தயிர் இல்லை. கறுப்பாக, தேன் பதத்தில், நன்றாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், இந்த வண்டி நல்ல வண்டியாக இருந்துவிடட்டும் என்று அந்தச் சந்தனப் பிள்ளையாரிடமே கேட்டுக்கொண்டேன். அப்புறம் சுற்றி வந்தேன். "வண்டிய கொஞ்சம் வெளிய எடுங்க சார், வெயில்ல பாக்கணும்." அவர் தயங்கினார், எடுத்தார். வெயில்தான் எல்லாவற்றையும் சொல்லும், இதை எனக்கு யூட்யூப் சொல்லித் தரவில்லை, அம்மாவோடு பெட்டி தூக்கிப் போனதில் தெரிந்தது. ரூம் லைட்டில் எல்லாப் பெண்ணும் ஒரே நிறம். ஜன்னல் பக்கம் நிறுத்தினால்தான் கழுத்தும் முகமும் வேறுவேறாகத் தெரியும். முகத்தைப் பாக்காத, கழுத்தைப் பாரு, தாடைக்குக் கீழே பாரு, அங்கதான் புதுசா மேக்கப் கத்துக்கிட்டவ மாட்டிப்பா, என்று அம்மா அடிக்கடி சொல்வாள். வண்டிக்குக் கழுத்து எது? முன்கதவும் பின்கதவும் சேருகிற இடம். ஓரமாக உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். முன்கதவு பால் வெள்ளை. பின்கதவு கொஞ்சம் மோர் வெள்ளை. கதவின் அடி ஓரம் முழுக்க, ஒரே உயரத்துக்கு, புதுப் பெயிண்ட். ஒரு இடித்த அடி என்றால் ஒரு இடத்தில்தானே இருக்கும்? ஏன் நாலு பக்கமும் ஒரே உயரத்துக்கு? அந்த உயரம் என் முழங்கால் உயரம். முழங்கால் உயரம் என்று நினைத்தவுடனே, அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். அம்மா அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் பார்த்தாளா? கழுத்தைப் பார் என்று சொன்னவள் பார்க்காமல் இருப்பாளா? அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் போட்ட மேக்கப்புக்குப் பின்னால் இருப்பதை எனக்கே கண்டுபிடிக்க முடியாது.

"உக்காந்து பாருங்க மேடம்" என்று பின்கதவைத் திறந்துவிட்டார் சார். தொப். அதே சத்தம். அம்மா உள்ளே ஏறின விதம், முதலில் உட்கார்ந்து, பிறகு ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து, புடவை மடிப்பைச் சரிசெய்து, எங்கே கற்றுக்கொண்டாளோ, கண்ணாடி முன்னால் ஸ்டூல் போட்டுப் பழகியிருப்பாளோ. நான் முன்னால் இடது பக்கம் ஏறினேன். கதவு மூடினவுடனே சாம்பிராணி. சாம்பிராணி, அதன்மேல் மல்லிகை சென்ட், அதன்மேல் ஏசி. "மோகனா," பின்னாலிருந்து அம்மா மெதுவாக, சாருக்குக் கேட்காத குரலில், "லெதர் வாசன வருமாமேடி, பெரிய கார்ல. வருதா?" அம்மாவுக்கு வாசனை தெரியாது. கொரோனா ரெண்டாவது அலையில் போனது, திரும்பி வரவே இல்லை. பால் திரிந்ததா, சாதம் அடிபிடித்ததா, கேஸ் கசிகிறதா, எல்லாவற்றுக்கும் நான்தான். மணப்பெண்ணுக்கு சென்ட் அடிக்கும்போதுகூட என்னைத் திரும்பிப் பார்ப்பாள், போதுமா என்று, நான் தலையாட்டுவேன். ஸ்கூலில் எதற்கும் லாயக்கில்லாத நான் வீட்டில் ஒருத்தியின் மூக்கு. மூக்கு பொய் சொல்லாது. இழுத்து மூச்சு விட்டேன். சாம்பிராணி, மல்லிகை, ஏசி, அப்புறம் கீழே, காலடி விரிப்புக்குக் கீழேயிருந்து, மெல்ல, அது. அதற்குப் பேர் கிடையாது. நனைந்த பஞ்சு, சாக்கடை, டீசல், ஈர சிமென்ட், எதுவோ ஒன்று அழுகிக் காய்ந்தது, எல்லாம் சேர்ந்து ஒரே வாசனை. எனக்கு அதைத் தெரியும். உலகத்தில் எத்தனையோ வாசனை மறந்துவிட்டது, என் டீச்சர் போட்ட பவுடர் மறந்துவிட்டது, அப்பாவின் சட்டை மறந்துவிட்டது, அப்பா எங்களை விட்டுப் போனது வேறு கதை, இப்போது வேண்டாம், ஆனால் இது மறக்கவில்லை. முடிச்சூரில் தரைத்தள வீடு, நான் மூணாவது படித்துக்கொண்டிருந்தேன், வெள்ளம் முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாக நுரைத்துக்கொண்டு வந்தது, அம்மா துணியை வைத்து அடைத்தாள், சிரித்துக்கொண்டேதான் அடைத்தாள், அப்புறம் வாசல், அப்புறம் கட்டில் கால், என் முழங்கால். முழங்கால் உயரம் வந்ததும் அம்மா சிரிப்பை நிறுத்தினாள். என்னை இடுப்பிலும் மேக்கப் பெட்டியைத் தலையிலும் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள், நகை டப்பாவை விட்டுவிட்டாள், பெட்டியை விடவில்லை. தண்ணீர் வடிந்து நாங்கள் கதவைத் திறந்தபோது அடித்த வாசனை இது. ஃபிரிட்ஜ் படுத்துக் கிடந்தது. பீரோவில் இருந்த துணியெல்லாம் துவைத்தோம், மறுபடி துவைத்தோம், டெட்டால் ஊற்றி, சாம்பிராணி போட்டு, கற்பூரம் வைத்து. போகவில்லை. என் யூனிஃபார்மில் அடுத்த வருஷம் வரை இருந்தது, ஜெபசீலி என்று ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள். "என்னடி, வருதா?" என்கிறாள் அம்மா. கண்ணாடியில் அவள் முகம், வாயைக் கொஞ்சம் திறந்து, பரிசு பிரிக்கிற குழந்தை மாதிரி. "சாம்பிராணி வாசன வருதும்மா" என்றேன். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. என் வாயிலிருந்து இப்படிப் பாதி பாதியாக ஒன்று வந்ததே இல்லை, எனக்கே அருவருப்பாக இருந்தது.

வண்டி நகர்கிறது. மடிப்பாக்கத்துச் சின்னத் தெருக்களில் சார் ஓட்டுகிறார், குலுங்கல் இல்லை, தொட்டில் மாதிரி. சாவி போட்டவுடனே டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும், எரியாத விளக்குத்தான் ஆபத்து, எவனோ பிடுங்கிவிட்டான் என்று அர்த்தம். மடியில் பந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி ஒரு படம், ஏர்பேக் விளக்கு, அது எரியவே இல்லை. பார்த்தேன். சொல்லவில்லை. ஜன்னல் எல்லாம் ஏற்றி இறக்கச் சொன்னேன், பின் இடது பக்கம் பாதியில் முக்கி நின்று, யோசித்து, பிறகு ஏறியது. சார் சிரித்தார். "வயசாச்சு இல்லம்மா, எனக்கும் படி ஏறினா அப்படித்தான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஆளை வெறுக்க முடியவில்லை, அதுதான் தொல்லை. புரோக்கர் மாதிரி பேசினால் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். இவர் ஓட்டிக்கொண்டே தன் கதையைச் சொல்கிறார். "டைல்ஸ் கடை வச்சிருந்தேன் பள்ளிக்கரணையில. முந்தின வருஷ மழையில தண்ணி வந்து, எல்லாம் போச்சு. வண்டி அப்ப எங்க அண்ணன் வீட்ல இருந்துச்சு, மேட்டுல. ஒண்ணும் ஆவல." யாரும் கேட்கவில்லையே. நான் கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, வண்டி மழையில் எங்கே நின்றது என்று. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அது எங்கே அழுத்திக்கொண்டிருந்தது என்று தெரிகிறது. சொல்லிவிடு மோகனா. இங்கேயே சொல், வண்டியை ஓரம் கட்டச் சொல், சார் இது தண்ணிக்குள் நின்ற வண்டி, முடிந்தது. நீ இப்படித்தானே, கணக்கு சாரிடமே சொன்னாயே, நீங்க நடத்துறது எனக்குப் புரியல, உங்களுக்கே புரியுதான்னு தெரியல என்று. சொன்னால் என்ன ஆகும்? இவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறார், நாங்கள் உள்ளே இருக்கிறோம், மூன்று பேரும் வீடு வரைக்கும் பேசாமல் போக வேண்டும். அதைவிட, அம்மா. பின்னால் அம்மா ஜன்னலைப் பாதி இறக்கி, முழங்கையை வைத்து, கடந்துபோகிற இளநீர் வண்டியை, ஸ்கூட்டரை, தண்ணீர் லாரியை எல்லாம் பார்க்கிறாள், இல்லை, அவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்கிறாள். எந்த வாட்ச்மேனும் இப்போது டார்ச் அடிக்க மாட்டான். இன்னும் ஒரு தெரு. இன்னும் ஒரு தெரு அவள் இப்படி உட்காரட்டும். யூட்யூப் அண்ணன் சொன்னது ஞாபகம் வருகிறது: சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்க நண்பர்களே, கடைசி வரைக்கும், யாரும் கழுவ மறந்துபோற இடம் அதுதான், தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு அது சொல்லும். நான் போட்டிருக்கிற பெல்ட் புத்தம் புதுசு, கடையிலிருந்து வந்த மடிப்புகூடக் கலையவில்லை. முன்னால் மாற்றியிருக்கிறார்கள். பின்னால்? பின் சீட்டில் பெல்ட்டைக் காணோம், சீட் கவர் போட்டு உள்ளே தள்ளியிருக்கிறார்கள். யாரும் பின்னால் பெல்ட் போடுவதில்லை, அந்த தைரியம். இறங்கினதும் இழுத்துப் பார்க்கலாம். பார்க்காமலும் இருக்கலாம். பார்த்துவிட்டால் சொல்லியாக வேண்டும். பார்க்காவிட்டால், எனக்கு அப்போது தெரியலையேம்மா என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம், ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், விடியாத இருட்டில், எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து வண்டி செத்துப்போன பிறகு. அப்படி ஒரு ஆளாகவா நான்?

வீடு வந்துவிட்டது. சாரின் வீட்டம்மா வாசலில் தட்டோடு நிற்கிறார், நாலு டம்ளர் காபி. மெலிந்த ஆன்ட்டி, கையில் கண்ணாடி வளையல் மட்டும், அந்தக் கைதான் சாம்பிராணி போட்டிருக்கும், விரல் நுனியில் கரி. "வண்டி பிடிச்சுதாம்மா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார், ஆனால் வண்டியைப் பார்க்கவில்லை, வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரந்தான் இருக்கு" என்றார் சார். அம்மா கைப்பையைத் திறந்தாள். மஞ்சள் தடவின அட்வான்ஸ் கவரின் ஓரம் தெரிந்தது. என் கால் தானாகப் போனது. நான் முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய், முடிவெல்லாம் எடுக்கவில்லை, வாந்தி வருகிற மாதிரி வந்தது. பின்கதவைத் திறந்தேன், சீட் கவரைத் தூக்கினேன், சீட் இடுக்கில் விரலை விட்டேன், உலோக நாக்கு தட்டுப்பட்டது, இழுத்தேன். கறுப்புப் பட்டை வந்தது, வந்தது, நல்ல கறுப்பு, இன்னும் வந்தது, என் வாய்க்குள், வேண்டாம், இதோடு நின்றுவிடட்டும், கறுப்பாகவே முடியட்டும் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அப்புறம் அது. செம்மண் இல்லை, சாம்பலும் பழுப்பும் கலந்த கோடு, நேராக, யாரோ ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, அதற்குக் கீழே பட்டை முழுக்க விறைத்து, பொடி உதிர்ந்தது. எங்கள் முடிச்சூர் வீட்டுச் சுவரில் இருந்த கோடு இது. மாடி வீட்டுக்குக் குடிபோன பிறகும் நான் கனவில் பார்க்கிற கோடு. பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  சார் பார்த்தார். விபூதிக்குக் கீழே அவர் நெற்றி வியர்த்தது, வேட்டி நுனியால் துடைக்கப் போய், துடைக்காமல் நிறுத்திக்கொண்டார். "காபி ஆறுதும்மா," என்றார் ஆன்ட்டி, யாரையும் பார்க்காமல், "காபி ஆறிப்போவுது."

அம்மா வந்தாள். பட்டையைக் கையில் வாங்கி, அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்லத் தேய்த்தாள், புதுப் பெண்ணின் மணிக்கட்டில் ஃபவுண்டேஷன் நிறம் பார்க்கிற அதே தேய்ப்பு. விரலைப் பார்த்தாள். அந்த மண்ணை அவளுக்கும் தெரியும், மூக்கு இல்லாவிட்டால் என்ன, அவள் எத்தனை நாள் உட்கார்ந்து சுரண்டின மண் அது. இப்போது திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும், கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிள்ளையார் முன்னால் இப்படிச் செய்வீங்களா என்று கேட்கட்டும், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன், ஏர்பேக் விளக்கைச் சொல்கிறேன், மோர் வெள்ளையைச் சொல்கிறேன். அம்மா பட்டையை விட்டாள், அது சரசரவென்று உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. விரலை முந்தானை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். கைப்பையை மூடினாள். ஆன்ட்டியை ஒரு தரம் பார்த்தாள், அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், மணப்பெண் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகில் இருக்கிற வெண்புள்ளியைக் காட்டி, வெளியே யாருக்கும் தெரியக் கூடாதுக்கா என்று ஒருத்தி அழும்போது அம்மா பார்க்கிற பார்வை. பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்று நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். "சார், நம்பர் கூட்டினா எட்டு வருதே" என்றாள்.

அம்மாவே தொடர்ந்தாள். "எட்டு எங்களுக்கு ஆகாது சார். எனக்குப் பரவால்ல, எம் பொண்ணு ராசிக்கு ஆகவே ஆகாது. மத்தபடி வண்டி அழகான வண்டி. தொட்டில் மாதிரி போகுது." என் ராசி என்ன என்றே அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. எட்டாம் நம்பர் கார் வேண்டாம் என்று மண்டப வாசலில் அடம் பிடித்த ஒரு மாமனாரை வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரித்தவள் இவள். நாலு, மூணு, ஏழு, ஒண்ணு. பதினஞ்சு. ஆறு. இந்த மனுஷனே கூட்டிக் காட்டினாரே, விரல் விட்டு, சுக்கிரன் என்று. கணக்கில் ஒரு மார்க்குக்கு வழியில்லாத எனக்கே தெரிகிறது, அம்மா ஆறு, அவர்தான் ஆறு என்றாரே, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சார் குனிந்து நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. எத்தனை தடவை கூட்டினாரோ. நிமிர்ந்தபோது கண் ஓரம் சிவந்திருந்தது. "ஆமாம்மா," என்றார், "எட்டுதான். நான்தான் தப்பா கூட்டிட்டேன் போல." ஆன்ட்டி தட்டை வண்டியின் பானெட் மேலேயே வைத்துவிட்டார், அவர் கை முதல்முறையாக அந்த வண்டியைத் தொட்டது. "உள்ள வந்து உக்காந்து சாப்பிடுங்க. சூடு பண்ணித் தரேன்." நான் வாயை மூடிக்கொண்டேன். யாரும் என்னைக் கிள்ளவில்லை. நானாகவே மூடிக்கொண்டேன். நாலு பேரும் அந்த ஆறை எட்டாக்கி, காபி குடித்தோம்.

கேட் வரைக்கும் வந்தார் சார். செருப்பை மாட்டும்போது, தெருவைப் பார்த்தபடி, "இனிமே யாராச்சும் பாக்க வந்தா, நம்பர் எட்டுன்னு மொதல்லயே சொல்லிடுறேம்மா" என்றார். அம்மா 'சார்' என்பதை விட்டுவிட்டாள். "சொல்லிடுங்கண்ணே. எட்டு ஒத்துக்கிறவங்களும் இருக்காங்க. அதுக்குத் தகுந்த வெலைக்கு வாங்கிப்பாங்க." சொல்வாரா? தெரியாது. இன்னொரு வெள்ளிக்கிழமை, இன்னொரு சந்தனம், அதுவும் நடக்கலாம். நான் அவ்வளவு நல்லவள் இல்லை, முழுக்க நம்ப மாட்டேன். ஆனால் அவர் அதைச் சொன்னபோது குரல் பிசிறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தெரு முனையில் ஆட்டோ பிடித்தோம். ராகு காலம் ஆரம்பித்திருக்கும், ஆட்டோ அதைக் கண்டுகொள்ளாமல் ஓடியது, குலுங்கிக் குலுங்கி, அம்மாவின் பூ என் தோளில் இடித்தது. "கதவு கலர் வேறன்னு எறங்கின ஒடனே பாத்தேன்டி" என்றாள். "அப்புறம் ஏம்மா?" "ஏறி ஒக்காரணும்னு ஆசையா இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள். வெயிலில் அவள் முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருந்தன, ஒரு இடத்தில்கூட மாட்டிக்கொள்ளவில்லை, கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் மண். நான் என் துப்பட்டாவால் துடைத்தேன். அவள் விரலைக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அதே மெதுவான குரலில், ஆட்டோக்காரருக்குக் கேட்காமல், "ஏன்டி, நெஜமாவே அந்த லெதர் வாசன எப்படித்தான் இருக்கும்?" என்றாள். புதுச் செருப்பு மாதிரி இருக்கும், புதுப் பை மாதிரி இருக்கும் என்று ஏதாவது சொல்லலாம். "தெரியலம்மா," என்றேன். "அடுத்த வண்டில மோந்து பாத்துட்டு சொல்றேன்."